வங்கியில் பதினொன்றரை லட்சம், கையில் பதினாறு நாள்: சிறு அறக்கட்டளை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், அறங்காவலர் அனைவருக்கும் வணக்கமுங்க.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கம் முதியோர் இல்லமோ, சிறப்புப் பள்ளியோ, மாலை நேரப் படிப்பு மையமோ நடத்தி, வருஷத்துக்கு இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடிக்குள் வரவு செலவு பார்க்கும் அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் இதை எழுதுகிறோம். பெரிய டிரஸ்டுகளுக்கு ஆடிட்டர், வக்கீல், முதலீட்டு ஆலோசகர் எல்லாம் உண்டு. உங்களுக்கு இருப்பது ஒரு பொருளாளர், கணக்கு எழுத டேலி மென்பொருள், மார்ச் மாதத்தில் ஒரு பதற்றம்.

அந்தப் பதற்றத்தைப் பற்றித்தான் பேச்சு. மார்ச் கடைசி வாரம் வந்தால் கணக்கில் கிடக்கும் பணத்தைக் கரைக்க ஓட்டம் தொடங்குகிறது. தேவையில்லாத கட்டில், பீரோ, இன்வெர்ட்டர், ஆறு மாதத்துக்கான அரிசி. கேட்டால், "வந்த காசைச் செலவு பண்ணிரோணுமுங்க, இல்லீன்னா வரி போட்டுருவாங்க" என்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. மிச்சப் பாதி தெரியாததால் இந்த வட்டாரத்தில் பல நல்ல அமைப்புகள், வரவு நின்றாலும் சில மாதம் தாங்கும் இருப்பு நிதி என்ற ஒன்றே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் உங்கள் பாஸ்புக்கை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறப்புப் பள்ளியை வைத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று எல்லாக் கணக்கும் சேர்த்து வங்கியில் 11,40,000 ரூபாய். நிர்வாகக் குழுவில் எல்லோர் முகத்திலும் திருப்தி. ஆனால் அதில் 6,20,000 ஒரு கம்பெனி கழிப்பறை கட்டத் தந்தது. வேறெதற்கும் தொட முடியாது. 2,50,000 கார்பஸ், அதாவது வருவாயை மட்டும் செலவிட வேண்டிய மூலதன நிதி; அதுவும் தொடக்கூடாது. மார்ச் சம்பளமும் கடைப் பாக்கியும் 1,30,000. மிச்சம் 1,40,000. இந்தப் பள்ளிக்கு மாதச் செலவு 2,60,000 என்றால் கையில் இருப்பது பதினாறு நாள் செலவு. பதினேழாம் நாள் ஒரு நன்கொடையாளரின் செக் தாமதமானால் சமையலம்மாவுக்குச் சம்பளம் நிற்கும்.

இந்த ஒரு எண்ணை, அதாவது கட்டுப்பாடில்லாத (எதற்கும் செலவிடக்கூடிய) பணம் எத்தனை நாள் தாங்கும் என்பதை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுக் கூட்டத்தில் பொருளாளர் வாசிக்க வேண்டும். வரவு செலவு அறிக்கையில் இது தெரியாது. ஐந்தொகையிலும் (பேலன்ஸ் ஷீட்) நேரடியாகத் தெரியாது. பல பேலன்ஸ் ஷீட்டுகளில் 'பொது நிதி' என்ற ஒரே தலைப்பில் கார்பஸும், திட்டப் பணமும், உண்மையான உபரியும் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் மூன்று வரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லி உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். அரை மணி நேர வேலை.

நம் ஊருக்கு இருப்பு நிதி ஏன் கூடுதலாகத் தேவை என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இங்கே கொடுப்பவர்கள் ஒரே தொழிலில் இருக்கிறார்கள். திருப்பூர் அமைப்பென்றால் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, பிரிண்டிங். கரூரென்றால் வீட்டு உபயோகத் துணி, பஸ் பாடி. நாமக்கல்லென்றால் லாரி, கோழிப்பண்ணை. ஈரோட்டுக்கு விசைத்தறியும் மஞ்சளும். தொழில் படுத்தால் எல்லா நன்கொடையாளரும் ஒரே மாதத்தில் படுக்கிறார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது பனியன் கம்பெனிகளுக்கு மறுபடியும் அதே நெருக்கடி. இதில் இன்னொரு கொடுமை: வேலையிழந்த தொழிலாளர் குடும்பம் உங்கள் வாசலுக்கு வருவதும் அதே மாதத்தில்தான். வரவு குறைய, செலவு ஏறும். பல தொழில் உள்ள பெருநகரத்து அமைப்பு மூன்று மாத இருப்போடு சமாளிக்கலாம். ஒற்றைத் தொழில் ஊரில் நான்கு மாதத்துக்குக் குறையாமல் வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆறு மாதம் இருந்தால் நிம்மதி.

சட்டத்துக்கு வருவோம். வருமான வரி விலக்குக்கான 12ஏபி பதிவுள்ள அமைப்பு, அந்த வருஷ வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்தை நோக்கம் எதையும் குறிப்பிடாமல், எந்தப் படிவமும் இல்லாமல், காலவரையறை இல்லாமல் சேர்த்து வைக்கலாம். அதை மார்ச்சில் கரைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. 85-15 கணக்கு தொடர்கிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. இங்கே சொல்லும் எண்கள் 1961 சட்டத்துடையவை, 2025-26 கணக்குவரை பொருந்தும். அடுத்த வருஷத்துக்குப் புது எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

மேலே சொன்ன பள்ளிக்கே இதைப் போட்டுப் பார்க்கலாம். மாதச் செலவு இப்படி: ஒன்பது பேருக்குச் சம்பளம் 1,38,000, வாடகை 18,000, சாப்பாடு 62,000, கரண்டும் கேஸும் 14,000, வேன் 16,000, மருந்து 8,000, கணக்கு, தபால், மற்றவை 4,000. மொத்தம் 2,60,000. நெருக்கடி வந்தால் வேனையும் சில்லறையையும் நிறுத்தி 2,40,000-க்குக் கொண்டுவரலாம். சம்பளத்தில் கை வைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்; சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர் போனால் அடுத்தவரைப் பிடிப்பதற்குள் ஒரு கல்வியாண்டே போய்விடும். ஆக நான்கு மாத இருப்புக்கு 9,60,000 வேண்டும்.

வருஷ வருமானம் 34,00,000 என்றால் 15 சதவீதம் 5,10,000. ஆண்டுச் செலவு 31,20,000. இயல்பாகவே மிஞ்சுவது 2,80,000. செலவழித்தது கிட்டத்தட்ட 92 சதவீதம். வரிக்கு இடமே இல்லை. இந்த 2,80,000-ஐக் கட்டிலும் பீரோவுமாக மாற்றாமல் விட்டால் மூன்றரை வருஷத்தில் நான்கு மாத இருப்பு தானாகச் சேர்ந்துவிடும்.

கணக்கு தவறுவது எங்கே என்றால், பெரும்பாலும் மார்ச்சில் வரும் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) பணத்தில். கம்பெனிக்கு மார்ச் 31-க்குள் செலவைக் காட்ட வேண்டிய அவசரம். 28-ஆம் தேதி சாயங்காலம் உங்கள் கணக்கில் 12 லட்சம் விழுகிறது. அது இந்த வருஷ வருமானம். மொத்தம் 46 லட்சம், அதில் 85 சதவீதம் 39,10,000. செலவு 31,20,000. குறை 7,90,000. மூன்று நாளில் கட்டடம் எழும்பாது. இந்த இடத்தில் இரண்டு வழி. அடுத்த வருஷத்துக்குள்ளேயே செலவாகிவிடும் என்றால் படிவம் 9ஏ. இரண்டு மூன்று வருஷம் இழுக்கும் வேலை என்றால் படிவம் 10. அதில் ஐந்து வருஷம்வரை வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் வருமான வரித் துறையிடம் ஆகஸ்ட் 31-க்குள் போட்டுவிடுங்கள். தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30, ஐ.டி.ஆர்.-7 என்ற வருமான வரிக் கணக்கு அக்டோபர் 31. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை சூடு பிடிப்பதே செப்டம்பரில்தான். அதற்குள் ஆகஸ்ட் கடந்துவிடும், கவனம். படிவமே போடாமல் விட்டால் அந்த 7,90,000-க்கு வரி வரும்.

படிவம் 10-இல் நோக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். 'அறக்கட்டளையின் நோக்கங்களுக்காக' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கேள்வி வரும். 'வீல்சேர் ஏறும் வசதியுள்ள வேன் வாங்க', 'இரண்டாம் தளத்தில் பிசியோதெரபி அறை கட்ட' என்று எழுத வேண்டும். அதற்கான குழுத் தீர்மானம் மினிட் புத்தகத்தில் இருக்க வேண்டும். அந்தப் பணத்தை வேறு டிரஸ்டுக்கு நன்கொடையாகக் கொடுக்க முடியாது. ஐந்து வருஷத்துக்குள் செலவாகாவிட்டால் ஐந்தாம் வருஷ வருமானமாகவே சேர்ந்து வரி விழும். முன்பு இருந்த ஆறாம் வருஷ அவகாசம் இப்போது இல்லை. ஆகவே சம்பளம், வாடகைக்கான இருப்பை 15 சதவீதத்திலும், வேன், கட்டடம் போன்ற பெரிய செலவைப் படிவம் 10-இலும் வையுங்கள். மாற்றிப் போட்டால் இரண்டும் சிக்கல்.

வேனைப் பற்றி ஒரு வார்த்தை. வேன் வாங்கிய வருஷம் முழு விலையும் செலவாகக் கணக்கில் வரும். அதற்குப் பிறகு தேய்மானத்தை மறுபடியும் செலவாகக் காட்ட முடியாது. ஒரே வருஷத்தில் அதிகம் செலவழித்துப் பற்றாக்குறை வந்தாலும் அதை அடுத்த வருஷத்துக்கு எடுத்துப்போக முடியாது. பத்து வருஷம் கழித்து அடுத்த வேனுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை வாங்கிய அன்றே எழுதிவையுங்கள். வருஷா வருஷம் விலையில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குவது ஒரு சுமாரான தொடக்கம். விலை ஏறுவதால் அது போதாது, ஆனாலும் பூஜ்யத்துக்கு மேல்.

செலவு என்பது இப்போது பணம் கைமாறியதை மட்டுமே குறிக்கும். மார்ச் 31 தேதியிட்ட பில்லைப் பாக்கியாக வைத்துச் செலவு காட்டும் பழைய வழக்கம் 2021-22 முதல் செல்லாது. பணம் கொடுத்த வருஷத்தில்தான் ஏறும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கணக்கில் வராது. சந்தையில் காய்கறி, மளிகை மொத்தமாக வாங்கும் இடங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது. வேறு டிரஸ்டுக்குக் கொடுத்த நன்கொடையில் 85 சதவீதம்தான் செலவாக ஏற்கப்படும்.

இனி, நிறையப் பேர் கேட்க விரும்பாத விஷயம்: சாசுவத அன்னதானத் திட்டம்.

கோயில் கட்டளையைப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. '25,000 ரூபாய் கட்டினால் உங்கள் திருமண நாளிலோ பெற்றோர் திதியிலோ ஆண்டுதோறும் என்றென்றும் உணவு வழங்கப்படும்' என்று பலகை எழுதுவது எளிது. 60 ரூபாய் சாப்பாடு, 40 பேர் என்றால் இன்றைக்கு 2,400 ரூபாய். 25,000-க்கு 7 சதவீத வட்டி 1,750. முதல் வருஷமே 650 ரூபாய் கைக்காசு. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் அதே சாப்பாடு 4,800-ஐத் தாண்டும். வட்டி அதே 1,750. இப்படி 150 பெயர் பலகையில் இருந்தால், பன்னிரண்டாம் வருஷம் நீங்கள் கையிலிருந்து போடுவது நாலரை லட்சத்துக்கு மேல். பேலன்ஸ் ஷீட்டில் இந்த 150 பேரின் பணம் 37,50,000 கார்பஸாக, பார்ப்பதற்கு ஒரு பலமாக நிற்கும். உண்மையில் அது ஒரு கடன்.

வட்டி விகிதமும் விலைவாசி ஏறும் விகிதமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது ஒரு தொகையால் இன்றைய விலையில் எத்தனை சாப்பாடு வாங்க முடியுமோ, ஆண்டுக்கு ஒன்றாகப் பரப்பினாலும் அத்தனைதான். 25,000-ஐ 2,400-ஆல் வகுத்தால் பத்து. ஆகப் பலகையில் 'பத்து ஆண்டுகளுக்கு' என்று எழுதுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதினோராம் வருஷம் அவர்கள் பிள்ளைகளிடம் மறுபடி பேசப் போவதற்கு ஒரு காரணமும் கிடைக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: முதலையும் சேர்த்துச் செலவழிக்கும் இந்தத் தொகை கார்பஸ் ஆகாது. வாங்கிய வருஷத்தின் வருமானம். உங்கள் 15 சதவீதத்துக்குள் அடங்குகிற அளவுக்கே ஒரு வருஷத்தில் வாங்குங்கள்.

உண்மையான கார்பஸுக்கு, கொடுப்பவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும்: 'இத்தொகையை மூலதன நிதியாக வைத்து, அதன் வருவாயை மட்டும் பயன்படுத்தவும்.' கொடுப்பவர் சொல்லாமல் நீங்களாக ரசீதில் கார்பஸ் என்று எழுதினால் நிற்காது. அந்தப் பணம் சட்டம் சொல்லும் முதலீட்டில்தான் இருக்க வேண்டும். அவசரத்துக்குக் கார்பஸிலிருந்து எடுத்தால் அது அந்த வருஷச் செலவாக ஏறாது. ஐந்து வருஷத்துக்குள் திருப்பி வைக்கும்போதுதான் ஏறும். சி.எஸ்.ஆர். பணத்தைக் கார்பஸாக வாங்கவே முடியாது; கம்பெனிக்கு அது சி.எஸ்.ஆர். செலவாகாது.

எங்கே வைப்பது? பிரிவு 11(5)-இல் சொன்ன இடங்களில் மட்டும்: அட்டவணை வங்கி, கூட்டுறவு வங்கி, தபால் நிலையச் சேமிப்பு, அரசுப் பத்திரம், மியூச்சுவல் ஃபண்டு, இன்னும் சில. பட்டியலில் இல்லாதவை: சீட்டு, தங்கம், தெரிந்தவர் ஃபைனான்ஸ், அறங்காவலரின் மில். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி கிடைக்கும் ஊரில் 7 சதவீத எஃப்.டி.யைக் கேலியாகப் பார்ப்பார்கள். அப்படிப் போட்ட பணத்துக்கும் அதன் வருவாய்க்கும் விலக்கு போய் 30 சதவீத வரி. முதலுக்கும் உத்தரவாதமில்லை. 2012-இல் ஈமு கோழிக் கம்பெனிகள் சரிந்ததைப் பெருந்துறைப் பக்கம் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

எஃப்.டி.யை ஒரே துண்டாகப் போடாதீர்கள். 9,60,000-ஐ 2,40,000 வீதம் நான்காக்கி, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி வையுங்கள். எப்போது வேண்டுமென்றாலும் அதிகபட்சம் மூன்று மாதத்தில் ஒரு மாதச் செலவு வட்டி இழப்பில்லாமல் கைக்கு வரும். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம்வரைதான். அதனால் இரண்டு வங்கியாகப் பிரிக்கலாம், கூட்டுறவு வங்கி என்றால் கட்டாயம் பிரியுங்கள். எஃப்.டி. அறக்கட்டளையின் பெயரில், அறக்கட்டளையின் பான் எண்ணில் இருக்க வேண்டும். தலைவர் பெயரில் போட்டுவைத்து, அவர் காலமான பிறகு வாரிசுகளிடம் நிற்பது இந்த வட்டாரத்தில் கேள்விப்படாத கதையல்ல. மூவரில் இருவர் கையெழுத்து என்று வையுங்கள். நிர்வாகி மாறிய மாதமே தீர்மான நகலை வங்கியில் கொடுங்கள். இல்லையென்றால் சரியாகச் சம்பள நாளில் கணக்கு முடங்கும்.

எஃப்.டி. வட்டியில் வங்கி பிடித்த வரி (டி.டி.எஸ்.), ஐ.டி.ஆர்.-7 போட்டால் திரும்ப வரும். பல அமைப்புகள் கேட்பதே இல்லை.

பணம் சேர்ந்த பிறகு அதைக் காப்பாற்றுவது தீர்மானம்தான். மினிட் புத்தகத்தில் இப்படி எழுதலாம்: 'நான்கு மாத இன்றியமையாச் செலவுக்கு ஈடான தொகை இருப்பு நிதியாகத் தனி வைப்பில் வைக்கப்படும். எதிர்பார்த்த வரவு இரண்டு மாதம் தொடர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, இயற்கைச் சீற்றம் அல்லது தீ விபத்து நேர்ந்தாலோ மட்டும், குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புதலோடு எடுக்கப்படும். எடுத்த தொகை 24 மாதத்துக்குள் திருப்பி வைக்கப்படும். புதிய திட்டம் தொடங்கவோ, கட்டடம் கட்டவோ, அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ கடன் தரவோ இதைப் பயன்படுத்தக் கூடாது.' கடைசி வரியை எழுத யாராவது தயங்கினால் அதையே முதல் வரியாக எழுதுங்கள்.

ஊழியர்களின் பணிக்கொடையை இருப்பு நிதிக் கணக்கில் கலக்காதீர்கள். பத்துப் பேரைத் தொட்டுவிட்டால் அது சட்டப்படியான கடன்: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருஷத்தால் பெருக்க வேண்டும். 14,000 சம்பளத்தில் பதினொரு வருஷம் இருந்த ஒரு ஆயாவுக்கு 88,846 ரூபாய். ஒதுக்கீடு என்று கணக்கில் எழுதினால் மட்டும் 85 சதவீதத்தில் சேராது.

"உங்ககிட்டத்தான் பத்து லட்சம் கிடக்குதே, எங்ககிட்ட எதுக்கு வர்றீங்க?" என்று நன்கொடையாளர் கேட்பார். இதற்குப் பயந்துதான் பலர் கணக்கைக் காலியாகக் காட்டுகிறார்கள். ஆண்டறிக்கையில் தீர்மானத்தையும் நாள் கணக்கையும் அச்சடித்துக் கொடுங்கள். மில் நடத்துகிறவருக்கு ஒர்க்கிங் கேபிடல் என்றால் என்னவென்று நீங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. பஞ்சு இருப்பில்லாமல் அவரும் தூங்க மாட்டார்.

சி.எஸ்.ஆர். அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது' என்று அமைப்புகளின் பட்ஜெட்டை வெட்டுகிறீர்கள். விதியில் உள்ள அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் செலவுக்கான உச்சவரம்பு. நிறைவேற்றும் அமைப்பின் செலவுக்கு அல்ல. கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்திலேயே இது இருக்கிறது. கணக்கருக்கும் வாடகைக்கும் உரிய பங்கைக் கொடுத்தால் அவர்கள் மற்றவர் கொடுத்ததிலிருந்து அதை ஈடுகட்ட வேண்டியிராது. அந்த மிச்சம் இருப்பாகச் சேரும். முடிந்தால் பணத்தை டிசம்பருக்குள் அனுப்புங்கள்.

நிர்வாகக் குழுவினரிடம் நாங்கள் கேட்பது: அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 'இருப்பு நிதி' என்ற பொருளைச் சேர்த்து, கூட்டத்துக்கு முன்பே பொருளாளர் மூன்று எண்களை எல்லோருக்கும் அனுப்பட்டும்: கட்டுப்பாடில்லாத பணம் எவ்வளவு, இன்றியமையா மாதச் செலவு எவ்வளவு, சாசுவதத் திட்டத்தில் எத்தனை பெயர். கூட்டத்தை ஆகஸ்ட் 15-க்கு முன் வையுங்கள். படிவம் தேவைப்பட்டால் இரண்டு வாரம் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரத்தில் அறக்கட்டளைக் கணக்குகளை எழுதியும் தணிக்கை செய்தும் வரும் சிலர்